உருளியில் கிடைத்த பல்

அத்தான்,

சாலைக் கடைத்தெருவிலிருந்து புது எண்ணெய் வாங்கி வந்ததும் காரில் ஊற்றிவிடாதீர்கள். நேற்று கியர்ப்பெட்டியிலிருந்து என் வெண்கல உருளியில் இறக்கினீர்களே, அந்தக் கறுப்பு எண்ணெயைத் தேங்காயெண்ணெய் மாதிரி துணியில் வடிகட்டிப் பார்த்தேன். பல்சக்கரத்தின் இரும்புப் பல் ஒன்று கிடைத்தது! சன்னலில் வைத்திருக்கிறேன். கரமனை ஏற்றத்தில் கார் கரகரத்தபோது, "ஒனக்குச் சும்மா தோணுது, பிள்ளே" என்றீர்கள்.

மாதர் ஜெபக் கூட்டத்துக்குப் போகிறேன். மீன்குழம்பு அடுப்புமேல் இருக்கிறது. உருளி இனிச் சமையலுக்கு ஆகாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்னாபாய்

இன்னொன்று. அது எந்தச் சக்கரத்துப் பல்? மற்றப் பற்கள் எப்படி இருக்கின்றன? பெட்டியைத் திறக்கும்போது நானும் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஸ்பானரை வேதப்புத்தகப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன்.