நூறு தடவை கேட்ட கேள்வி

லண்டன், 12.11.1978

அன்புள்ள அம்மாவுக்கு, தங்கச்சி ஞானஜோதி வாசித்துக் காட்ட, மகன் சவரிமுத்து எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். சித்திரபுரத்தில் பனி இறங்கிவிட்டதா? கம்பளி போட்டுக்கொண்டுதான் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறீர்களா?

நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் ஒரு துரை, கரண்டில் பாடும் சிந்தசைசர்களை வைத்து இசைத்தட்டு செய்கிறார். நடுவில் ஒரு மனிதக் குரல் வேண்டுமென்றார். நீங்கள் பேசி அனுப்பிய கேசட்டைக் கொடுத்தேன். "ஏலே சவரி, சாப்பிட்டியா?" என்ற இடத்தை மட்டும் பிரதியெடுத்து, நாடாவை வளையமாக ஒட்டி ஓடவிட்டார். நூறு தடவை கேட்டீர்கள். நானும் "சாப்பிட்டேம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். இன்னொரு கேசட்டும்.

ஜோதி, இங்கே சத்தமாக வாசிப்பதை நிறுத்து. அந்தக் கேள்வி முடிந்ததும் அம்மா ஒரு மூச்சு இழுப்பது கேட்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டதில்தான் புரிந்தது. அப்பாவின் மூச்சில் கடைசி வருஷம் கேட்ட அதே விசில். எஸ்டேட் டிஸ்பென்சரி மாத்திரையோடு விட்டுவிடாதே. கண் காட்டப் போவதாகச் சொல்லி, இந்த வாரமே மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் நெஞ்சைக் காட்டு.

இனி சத்தமாக வாசி.

அம்மா, உங்கள் கண்ணை ஒரு தடவை மூணாறில் காட்டிவிடுங்கள். நான் சாப்பிட்டேன்.

சவரி