தொண்ணூற்று மூன்று டிகிரி

கொடைக்கானல்,
24-8-1961

அன்புள்ள சண்முகவள்ளிக்கு,

உன்னையும் அத்தை மாமாவையும் பழனியாண்டவர் பார்த்துக்கொள்வார். என்னை இங்கே குளிர் பார்த்துக்கொள்கிறது. ஆடிக்கு என்று போனவள் ஆவணி பிறந்தும் வரவில்லை. கேட்கிறவர்களிடம் உனக்குச் சளி என்று சொல்லிவைத்திருக்கிறேன். நிஜக் காரணம் நம் இருவருக்கும் தெரியும். பருப்பு வேகவைக்கக்கூடத் தெரியாதா என்று என் அக்கா எதிரிலேயே உன்னைக் கேட்டவன் நான்தான்.

பள்ளிக்கூடத்துச் சேதி கேள். பௌதிகம் என்றாலே என் பத்தாம் வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வரும். தெர்மாமீட்டர் ஐந்துதான் இருக்கிறது என்று, நாலு நாலு பேராக உட்காரவைத்தேன். கடைசியில் சீட்டு எடுப்பேன். யார் பெயர் வருகிறதோ அவர்தான் எழுந்து விளக்க வேண்டும். அவர் வாங்கும் மார்க்குதான் நாலு பேருக்கும். நோட்டைத் தாவணியால் மறைத்து எழுதும் லீலா, இப்போது தன் குழுவிலேயே இருக்கும், வாயே திறக்காத வடகவுஞ்சி கிராமத்து வீரம்மாளை விடுவதில்லை. இன்னொரு தடவ சொல்லுடி, ஒம் பேரு வந்துச்சுன்னா என் கதி என்ன என்று கெஞ்சுகிறாள்.

முந்தாநாள் தண்ணீர் கொதிக்கும் சூட்டை அளக்கச் சொன்னேன். மற்ற நாலு குழுவும் புத்தகத்தைப் பார்த்து நூறு என்று எழுதிவிட்டன. இவர்கள் மட்டும் தொண்ணூற்று மூன்று என்றார்கள். தெர்மாமீட்டர் கோளாறு என்று நான் பக்கத்துக் குழுவுடையதை வாங்கிக் கொடுத்தேன். அதிலும் தொண்ணூற்று மூன்றுதான். நாலு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஒரே வாக்குவாதம். சீட்டில் வீரம்மாள் பெயர் வந்தது. மலை மேல காத்தழுத்தம் கம்மி சார், தண்ணி வெரசாக் கொதிச்சிரும், ஆனா சூடு பத்தாது, அதான் எங்க வீட்டுலயும் பருப்பு வேகாமக் கெடக்கு என்றாள்.

வகுப்பே கை தட்டியது. லீலா அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நான் சாக்பீஸும் கையுமாக நின்றேன். காற்றழுத்தப் பாடத்தை ஆறு வருஷமாக நடத்துகிறேன், வள்ளி. ஊருக்குத்தான் உபதேசம். ஒரு நாளாவது நம் அடுப்பைப் பார்த்து யோசித்தேனா? வெட்கமாக இருக்கிறது. உன் கைப்பக்குவத்தில் தப்பே இல்லை, என் வாயில்தான் தப்பு என்று அக்காவுக்கும் எழுதிப் போட்டுவிட்டேன்.

அத்தை மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸுக்கு ஸ்டாண்டில் நிற்பேன். அதில் நீ இல்லாவிட்டால் சனிக்கிழமை பஸ்ஸுக்கும் வந்து நிற்பேன்.

உன்,
பொன்னுவேல்