ஏரியில் எடுக்காத ஆறு குழாய்கள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, கண் சிவக்கவில்லை. இதை நானாகச் சொல்லவில்லை, ஐந்து நாளாகத் தினமும் காலையில் வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போகிற நர்ஸ் சொல்கிறாள். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன், கேட்டால்தான் பதில் வருவதில்லையே. உன் அக்கா வீட்டில் எல்லோரும் சுகம், சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, போனில் பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. இங்கே வந்துவிடுகிறேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். பத்து நாளைக்கு யாரும் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று உத்தரவு, நான்தான் வேண்டாம் என்றேன்.

பதறாதே, சொல்கிறேன். பறவைக் காய்ச்சல் சோதனைக்கு ஏரிக்கரையில் பறவை எச்சம் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு நான் சேர்ந்தது உனக்குத் தெரியும், அன்றைக்கே போனில் சொன்னேன், நீ 'நல்லதும்மா, மாஸ்க் போட்டுக்கோ' என்று சொல்லிவிட்டு வேறு கால் வருகிறது என்று வைத்துவிட்டாய். முப்பது வருஷம் தபால் ஆபீசில் பை கட்டின கை, ரிட்டயர் ஆனபிறகு சும்மா இருக்க முடியவில்லை என்று ஊரெல்லாம் சொன்னேன். நிஜம் அதில்லை. அந்தக் குழாய்கள் நீ வேலை பார்க்கிற லேபுக்குத்தான் போகின்றன என்று கால்நடை டாக்டர் வாய்தவறிச் சொன்னார், உடனே தலையை ஆட்டிவிட்டேன். செவ்வாய்தோறும் சேற்றில் குந்தி உட்கார்ந்து, காயாத எச்சமாகப் பார்த்து, பஞ்சுக் குச்சியால் தொட்டு, ரோஸ் நிறத் தண்ணீர் ஊற்றிய குழாயில் போட்டு மூடி ஐஸ் பெட்டியில் அடுக்குவேன். குழாயில் என் பெயர் வராது, என் கையெழுத்தில் பதினொன்று என்ற எண்தான். கடிதம் போட்டால் பதில் இல்லை, போன் செய்தால் மீட்டிங், ஆனால் குழாய் அனுப்பினால் மட்டும் எட்டாம் நாள் 'வைரஸ் இல்லை' என்று உங்களிடமிருந்து டாக்டருக்கு வந்துவிடும். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கும். சிரிக்காதே.

இந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டது, பறவைகளும் முந்திக்கொண்டு கிளம்பிவிட்டன. செவ்வாயன்று போய் நிற்கிறேன், ஏரி துடைத்து வைத்த மாதிரி கிடக்கிறது. பறவை இல்லையென்றால் இல்லை என்று எழுதி வெறும் பெட்டியைத் திருப்பித் தந்துவிட வேண்டும், அதோடு அடுத்த சீசன் வரைக்கும் வேலை கிடையாது. ஏழு மாசம். வீட்டுக்கு வந்து நம் மூன்று வாத்துகளின் கூண்டிலேயே ஆறு குழாயையும் நிரப்பி, ஏரியில் எடுத்தது, காட்டு வாத்து என்று எழுதி அனுப்பிவிட்டேன். எச்சத்தில் அந்தப் பறவையின் மரபணுவும் இருக்கும், அதைப் படித்தே இது வீட்டு வாத்து என்று பிடித்துவிடுவீர்கள் என்று எனக்கு என்ன தெரியும்? குட்டு வெளிப்பட்டது. அதுமட்டும் என்றால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன். இரண்டு குழாயில் வைரஸும் இருந்ததாம், அதன் மரபணு போன மாசம் வேறொரு ஏரியில் காட்டு வாத்துகளிடம் எடுத்ததோடு அப்படியே ஒத்துப்போகிறதாம். நம் பின்கட்டு வாய்க்காலில் ஏரித் தண்ணீர்தானே ஓடுகிறது, இவை மூன்றும் பகலெல்லாம் அதில்தானே கிடந்தன.

நோய் பரவாமல் அழித்துவிட வாத்துகளைப் பிடித்துப் போக வெள்ளை உடுப்பில் நாலு பேர் வந்தார்கள். மற்ற இரண்டும் பேசாமல் பிடிபட்டன, வாயாடி என்று நான் கூப்பிடுகிறது மட்டும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி, எல்லோரையும் விட்டுவிட்டு என் காலடியில் வந்து நின்றது. டாக்டர் எனக்குக் கையுறை கொடுத்தார், நான்தான் தூக்கிக் கொடுத்தேன். அழுதேன்டா, நாலு பேர் பார்க்க அழுதேன். தெருவில் மற்றவர்கள் வீட்டுக் கோழிகளையும் சோதித்தார்கள், ஒன்றுக்கும் இல்லை, அந்த மட்டும் பிழைத்தேன். 'நீங்க செஞ்சது பெரிய தப்பும்மா, ஆனா அதனாலதான் சீக்கிரம் தெரிஞ்சுது' என்றார் டாக்டர். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், எடுக்க வேண்டியதுதான். ஏன் செய்தாய் என்று எழுதித் தரச் சொன்னார்கள், முழங்கால் வலி, ஏரிவரை நடக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதுவும் பொய்தான். ஏழு மாசம் உனக்கு அனுப்ப ஒன்றுமில்லாமல் இந்த வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பது என்று பயந்தேன், அதுதான் நிஜம். தனிமையாக இருக்கிறது என்று இதுவரை உன்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லிவிட்டேன். காலையில் கூண்டைத் திறக்க எழுந்து போகிறேன், பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பிவிடுகிறேன்.

உங்கள் லேபிலிருந்து வந்த தாளை டாக்டர் வாசலில் நின்று வாசித்துக் காட்டினார். எண்ணும் எழுத்துமாக எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் குறிப்பு என்று போட்டு, 'சேகரித்தவரை உடனே நேரில் போய்ப் பார்க்கவும், தாமதம் கூடாது' என்று இருந்தது. அதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

கண் கெடாமல், உடம்பு நோகாமல், உன்னை மதிக்கிற மனிதர்களோடு நீ நன்றாக இருக்க வேண்டும். எந்தக் குழாயையும் கையுறை இல்லாமல் தொடாதே, தெரிந்த கையெழுத்தாக இருந்தாலும் தொடாதே. அந்தக் குறிப்பை நீ எழுதினாயா என்று நான் கேட்கப் போவதில்லை. எல்லாத் தாளிலும் அச்சாகி வருகிற வரிதான் என்றால், எனக்குச் சொல்லாதே.

உன் அம்மா