ஒன்றும் கேட்காத அலுவலகம்

மார்ச் 3
இரண்டு நாள் ஆலோசனைக்குப் பிறகு, விண்ணப்பத்தைக் கருப்பு மையில் நிரப்புவதென்று தீர்மானித்தேன். நீலம் ஆசையைக் காட்டிக்கொடுத்துவிடும். வருமானம் குறைந்தவர்களுக்கென்று நகராட்சி கட்டியிருக்கும் வீடுகள் பன்னிரண்டு, மானிய வாடகை. எங்கள் வீட்டுக்காரர் மே மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். மகனுக்குக் கல்யாணமாம். பெண் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

மார்ச் 5
நகராட்சி அலுவலகத்தில் இருந்த அம்மாள், "உட்காருங்க சார்" என்று நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன், முழுதாக உட்காரவில்லை. நான் விட்டிருந்த ஒரு கட்டத்தை அவரே நிரப்பினார். "வேற ஒண்ணும் வேண்டாம், போயிட்டு வாங்க."

ஒன்றும் வேண்டாமா? இருபது வருடமாக அலுவலகப் படிகளில் ஏறி இறங்குகிறேன். ஒன்றும் வேண்டாதவர்களை, அச்சகத்தில் நான் பிழை திருத்தும் புத்தகங்களில்தான் சந்தித்திருக்கிறேன். அவர்களும் சாமியார்கள்.

"மரியாதையா பேசினா உங்களுக்கு அரிக்குமே" என்றாள் மனைவி.

மார்ச் 19
வீட்டைப் பார்வையிட நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். ஒற்றை அறை, மூன்று பேர், மகளின் படிப்பு மேசை என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் தையல் இயந்திரம் — எல்லாம் குறித்துக்கொண்டார். டீயை மறுத்துவிட்டார். வயிறு சரியில்லையாம். கண்டதையும் வாங்கித் தின்றால் எப்படிச் சரியாக இருக்கும்?

ஏப்ரல் 8
பட்டியல் ஒட்டிவிட்டார்கள். நான் மூன்றாவது. மனைவி என் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஜன்னலோரம் எனக்கு" என்று மகள் இப்போதே விண்ணப்பித்துவிட்டாள்.

ஏன் மூன்றாவது? என்னைப் போன்ற யோக்கியனை மூன்றாவதாக வைத்தால், முதல் இரண்டு பேரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 11
சலூன்காரர் சவரம் செய்தபடியே சொன்னார்: "முதல் நம்பர் யாருங்கறீங்க? அந்த ஆபீஸ் அம்மாவுக்குச் சொந்தமாம். நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க." கத்தி தொண்டையில் இருக்கும்போது யாரும் ஆதாரம் கேட்பதில்லை.

நெருப்பில்லாமல் புகையாது.

ஏப்ரல் 12
மேலதிகாரிக்கு மொட்டைக் கடிதம். இடது கையால் எழுதினேன். ஒரு பிழைகூட இல்லாமல் வந்துவிட்டது; அதுவே காட்டிக்கொடுத்துவிடுமே என்று இரண்டு பிழைகளைச் சேர்த்தேன். மனம் ஒப்பவில்லை. ஒன்றைத் திருத்திவிட்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 20
ஒருவேளை சொந்தமில்லை என்றால்? சலூன்காரர் வாய்க்குப் பூட்டு கிடையாது, ஊருக்கே தெரியும் — இல்லை, இல்லை. அந்தம்மா எனக்கு எதுக்கு நாற்காலி குடுக்கணும்? அதுக்குப் பதில் சொல்லட்டும் முதல்ல.

மே 2
புகார் வந்திருப்பதால் ஒதுக்கீடு நிறுத்தி வைப்பு. விசாரணையாம்.

"எவனோ மொட்டைக் கடிதாசி போட்டிருக்கான். அவன் கை விளங்குமா?" என்றாள் மனைவி.

விளங்காது என்றேன். வேறென்ன சொல்ல?

மே 24
அந்த அம்மாள் வீடு தேடி வந்து சொன்னார். விசாரணையில் குற்றம் எதுவும் இல்லை. முதல் எண்காரர் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒதுக்கீட்டுக்கான கெடு பதினைந்தாம் தேதியே முடிந்துவிட்டதால் பட்டியல் செல்லாது. அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

"நீங்க வீடு காலி பண்ணணும்னு ஃபார்ம்ல எழுதியிருந்தீங்க சார். போர்டைப் பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டாமேன்னுதான் வந்தேன்."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் செருப்பைத் தேடுவதுபோல் வெளியே போனேன்.

மே 31
காலையில் சாமான்களை ஏற்றினோம். மனைவியும் மகளும் மைத்துனர் வீட்டில். நான் அச்சகத்தில், காகிதக் கட்டுகள் அடுக்கும் அறையில்.