எம்பொண்ணு டீச்சரு

அன்புள்ள நைனாவுக்கு, கலைவாணி எழுதுவது. நலமாயிருக்கிறேன். இறால் குத்திய உங்கள் விரல் ஆறிவிட்டதா?

பள்ளிக்கூடத்தில் தந்த சம்பளத்தில் பி.எட். கடன் தவணை போக, மீதி சாப்பாட்டுக்கே போதவில்லை. அதனால் போன மாதம் இங்கே கோயம்புத்தூரிலேயே ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்துவிட்டேன். இரண்டு மடங்கு தருகிறார்கள்.

நேற்று கடைக்கு, பள்ளியில் என்னிடம் படித்த சிறுமி ஒருத்தி அம்மாவோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் கைகட்டி நின்று, "குட் மார்னிங் மிஸ்" என்றாள்.

"டீச்சருங்களா? இங்கயா இருக்கீங்க?" என்றார் அவள் அம்மா.

சேலையை மடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். நல்லவேளை, கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

பழவேற்காடு பஸ்ஸில் "எம்பொண்ணு டீச்சரு"னு இனிமேல் சொல்லாதீர்கள், நைனா. கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள்.

போனில் உங்கள் குரலைக் கேட்டால் இதெல்லாம் சொல்ல வராது. இந்தக் கடிதத்தை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். நான் சொல்லிக்கொடுத்த எழுத்துதானே, நீங்களே மெதுவாக எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

கடைக்கு நேரமாகிவிட்டது.

கலைவாணி