அண்டாவுக்குத் திரும்பிய கறி

அன்பு மகள் மேரிமுக்கு, அம்மா எழுதுவது. நானும் பசுவும் சுகம். நீ அந்த அங்காராவில் வேளைக்குச் சாப்பிட்டு, கோமுஸ் நரம்பை மீட்டுகிற விரல்கள் வெடிக்காமல் நலமாக இருக்க வேண்டும். இங்கே நம் ஊர் நாரினில் பனி விழ ஆரம்பித்துவிட்டது, ஒழுகின கூரைக்கு உன் மாமா தகரம் அடித்துக் கொடுத்தார். இனி சொல்லப்போவதைப் போனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாயோ என்று கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நம் பக்கத்து வீட்டுச் சூரா வீட்டில் அவள் மகன் கல்யாண விருந்து. நேரில் வந்து "சீக்கிரமே வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். வழக்கம்போல ஆட்டுக் குடல் கழுவத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, பின்பக்கமாகப் போய்ச் சட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். சூரா பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அடி கலிபா, விருந்தாளியா கூப்பிட்டா குடல அலசிக்கிட்டு உக்காந்திருக்கியே, எந்திரிடி!" என்று தரதரவென்று இழுத்துப் போய், வாசலுக்கு எதிரே பெரியவர்கள் வரிசையில் உட்கார வைத்தாள். என் கையில் குடல் வாடை, உடம்பில் மாட்டுக்குத் தீனி போடுகிற கவுன். தலைக்குட்டை மட்டும்தான் நீ அனுப்பின புதுசு.

கறி வந்தது. எந்த எலும்பு யாருக்கு என்று நம் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எனக்கு என்றைக்கும் அடுப்படியில் ஒரு விலாத் துண்டு. அன்று என் தட்டில் இருந்தது மதிப்புள்ள பெண்களுக்கு வைக்கிற பின்பக்கத்து எலும்பு, கொழுப்போடு. தட்டு மாறிவிட்டது, வைத்தவர்கள் திட்டு வாங்குவார்களே என்று பயந்து, மெல்லத் துணியில் சுருட்டிக்கொண்டு போய் அண்டாவில் போட்டுவிட்டேன். பரிமாறின பங்கைத் திருப்பிப் போட்டால் அந்த வீட்டு உறவே வேண்டாம் என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா? அது என் பங்கு என்று தோன்றியிருந்தால்தானே!

அதைப் பார்த்துச் சமையல்காரி போட்ட சத்தத்தில் சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. சூராவின் மாமனார் அசனாலி முகம் கறுத்து, "எங்க ஆட்டுல என்னம்மா கொற கண்ட?" என்றார். தப்பாக என் தட்டுக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன் ஐயா என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "தப்பு ஒண்ணுமில்ல, மேரிமைப் பெத்தவளுக்குன்னு நான்தான் வெக்கச் சொன்னேன். கோமுஸ் வாசிச்சு உன் பொண்ணு சம்பாதிச்ச மரியாதைய நீ ஏம்மா தூக்கிப் போடற?" என்று கேட்டார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. விருந்து வீடுகளில் மிஞ்சினதைப் பையில் கட்டி வந்துதானே உன்னை வளர்த்தேன். பள்ளியில் பெயர் கேட்டாலே திக்கித் திணறி அழுதுகொண்டு வருவாய். டீச்சர் அந்த ஒட்டுப்போட்ட கோமுஸைக் கொடுத்த பிறகுதான் உனக்கு வாய் திறந்தது, தலை நிமிர்ந்தது. நான்தான் நிமிரவில்லை, மேரிம். ஊரே பார்க்க அது தெரிந்துபோனது.

பெரியவர் அதே எலும்பை மறுபடி என் தட்டில் வைக்கச் சொல்லி, "தின்னு முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது, அதான் உனக்குத் தண்டனை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நல்ல சிரிப்புத்தான். சூரா போனில் உன் வாசிப்பைப் போட்டாள். வாயில் கறியோடு அழுதேன். பக்கத்தில் இருந்தவள், "இது என்ன பாட்டுக்கா, வீட்லயும் வாசிப்பாளா?" என்று கேட்டாள். தினமும் வாசிப்பாள், உட்கார்ந்து கேட்பேன் என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டேன். நீ நரம்பைத் தொட்டாலே நிலக்கரி அள்ளி வா என்பேன், இல்லை நான் தொழுவத்துக்குப் போய்விடுவேன். உன் பாட்டு ஒன்றை முடிகிற வரைக்கும் அன்றுதான் கேட்டேன், அதுவும் தண்டனையில் உட்கார வைத்ததால்.

நல்ல பேர் எடுத்து, நோய் நொடியில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று விருந்து முடிவில் இரண்டு கையையும் முகத்தில் தடவி வேண்டிக்கொண்டேன். குளிருக்குக் காதை மூடிக்கொள். அந்தப் பாட்டின் பெயரை மறக்காமல் எழுது, யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிய வேண்டும். கோடையில் வரும்போது எனக்காக ஒரு தடவை வாசிப்பாயா? கேட்கவே வெட்கமாக இருக்கிறது. பசு கத்தினாலும் எழுந்து போகமாட்டேன்.

உன் அம்மா,
கலிபா