பாப்பா எடுத்த மார்க்

திருப்பூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அண்ணா,

விடுதியில் கைபேசி கூடாது என்பதால் அப்பா வார்டனிடம் "பாப்பாவுக்குச் சின்ன அடி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நான் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் குறைக்கவும் மாட்டேன், கூட்டவும் மாட்டேன். பயப்படாமல் கடைசிவரை படி.

வியாழக்கிழமை நம் பனியன் கம்பெனியில் சரக்கு அனுப்பும் அவசரம். அம்மா பாப்பா நித்யஸ்ரீயைத் துணிக்கட்டின் மேல் உட்கார வைத்துவிட்டு, தைத்து வந்த பீஸ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் நடக்கப் பழகுகிறாளே, சும்மா இருப்பாளா? உருண்டு சிமெண்டுத் தரையில் விழுந்துவிட்டாள். கொஞ்சம் அழுதாள், பிறகு தூங்கிவிட்டாள். "தூங்குத புள்ளைய எழுப்பாதீய, எந்திரிச்சா சரியாயிரும்" என்றார் டெய்லர் வெள்ளையம்மாள் அக்கா. அம்மாவும் நம்பினார்.

பள்ளியிலிருந்து வந்ததும் அவள் உள்ளங்கையில் என் விரலை வைத்தேன். எவ்வளவு அசந்து தூங்கினாலும் பிடித்துக்கொள்வாள். அன்று கை விரிந்தே கிடந்தது. கூப்பிட்டேன், கன்னத்தைத் தட்டினேன். இமைகூட அசையவில்லை. "அம்மா, இது தூக்கமில்லீங்க!" என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நகத்தை அழுத்திய பிறகுதான் கண் திறந்து, அழுது, கையை இழுத்துக்கொண்டாள். நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதற்கு ஒரு மார்க் உண்டாம்; பதினைந்துக்கு ஒன்பது என்றார். எட்டுக்கு இறங்கினால் கோவைக்குக் கொண்டுபோக வேண்டுமாம். அப்பா, "பாஸ் மார்க் எத்தனைங்க டாக்டர்?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. "பாஸ், ஃபெயிலெல்லாம் இல்லீங்க. ஏறிட்டே வந்தாப் போதும்" என்றார் டாக்டர்.

அந்த மார்க்கை எப்படிப் போடுகிறார்கள் என்று நர்ஸ் நதியா அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கண் திறப்பதற்கு நான்கு, குரலுக்கு ஐந்து, அசைவுக்கு ஆறு. பெரியவர்களிடம் பெயர், ஊர் கேட்பார்களாம். பேசத் தெரியாத குழந்தை என்றால் தூக்கியதும் அழுகை அடங்குகிறதா, ஆளைப் பார்க்கிறதா, சிரிக்கிறதா என்று கவனிப்பார்களாம். "ஊட்ல எப்படி இருப்பா?" என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டார். நான்தான் சொன்னேன்: புது ஆளைக் கண்டால் முறைப்பாள், கையில் இருப்பதைப் பிடுங்குவாள்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. மறுநாள் பன்னிரண்டு. நேற்று நதியா அக்கா கண்ணருகே டார்ச்சைக் கொண்டுபோனதும் பாப்பா அதைப் பிடுங்கிக்கொண்டாள்! "ஏ குட்டி, குடுத்துரு. எனக்கு டூட்டி கெடக்கு" என்று அவர் வாங்கப் போக, வார்டே அதிரும்படி கத்தினாள். நான் தூக்கியதும் அடங்கி, என் தோளிலிருந்தபடி அவரை முறைத்தாள். பதினைந்துக்குப் பதினைந்து! நம் வீட்டில் முழு மார்க் எடுத்த முதல் ஆள் நீயுமில்லை, நானுமில்லை.

சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் பாராட்டியபோது அம்மா என்னைக் கைகாட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா பாப்பாவைத் தூக்கப் பயப்படுகிறார், அழுதால் என்னிடமே தருகிறார். அவருக்கு ஒரு கடிதம் போடு. எப்படி விழுந்தாள் என்று கேட்காதே. நீயும் நானும் விழுந்து எழுந்து வளர்ந்ததையெல்லாம் எழுது. அம்மா சிரிக்க வேண்டும்.

உன் தங்கை,
அனுப்பிரியா.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அம்மா, நான் தராமலே, பாப்பாவை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். இனி அடிக்கடி எழுப்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி, மூன்று நாளாகப் பாப்பாவின் கட்டிலருகே இரவும் எரிந்த விளக்கை நதியா அக்கா அணைத்துவிட்டார்.